கேட்டவர் கடன்

எட் மொலோனி என்னும் அயர்லாந்துப் பத்திரிகையாளர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பைத் தமிழில் 'கல்லறையிலிருந்து குரல்கள்' எனச் சொல்லலாம். வட அயர்லாந்தில் முப்பது ஆண்டுகள் நீடித்து, 3,500க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த மோதலில் எதிரெதிர் அணிகளில் நின்ற இருவர் தம் கதையைத் தாமே எடுத்துரைக்கும் நூல் அது. ஒருவர் பிரெண்டன் ஹியூஸ். ஐரியக் குடியரசுப் படையின் பெல்பாஸ்ட் நகரத் தலைவர்களுள் ஒருவராயிருந்தவர். 1980இல் சிறைக்குள் நடந்த உண்ணாநோன்புப் போராட்டத்தை முன்நின்று நடத்தியவர். மற்றவர் டேவிட் எர்வின். பிரித்தானிய இணைப்பை ஆதரித்த அல்ஸ்டர் தன்னார்வப் படையில் சேர்ந்து, 1974இல் வெடிகுண்டு ஏற்றிய காருடன் பிடிபட்டுச் சிறை சென்று, பின்னாளில் சமாதானத்திற்காகப் பாடுபட்டவர். நூல் வெளிவந்தபோது இருவருமே உயிரோடு இல்லை. எர்வின் 2007 சனவரியிலும், ஹியூஸ் 2008 பிப்ரவரியிலும் காலமாகிவிட்டனர்.

நூலைப் படிப்போர் அதன் ஆற்றலை மறுக்க இயலாது. வெற்றி பெற்றவர்களின் மேடைப் பேச்சில் கேட்க முடியாத களைப்பும் கசப்பும் ஹியூஸின் சொற்களில் உண்டு. உண்ணாநோன்பின்போது தோழர் ஒருவர் சாவின் விளிம்பை எட்டியபொழுது, அவரைச் சாகவிடுவதில்லை என்று தாம் கொடுத்திருந்த வாக்கை மதித்து, 53ஆம் நாளில் அப்போராட்டத்தை முடித்துக்கொண்டவர் அவர். இத்தகைய மனிதர்களின் நினைவுகள் அவர்களோடு மண்ணுக்குள் போய்விடாமல் காக்கப்பட வேண்டும் என்று எவரேனும் எண்ணியிருந்தால், அவ்வெண்ணத்தில் குறையில்லை. வரலாறு என்பது ஆள்வோரின் கோப்புகளில் மட்டும் எழுதப்படுவதன்று. ஆயுதம் ஏந்தியவனும் ஏன் ஏந்தினான் என்பதைச் சொல்லக் கேட்டால்தான், அடுத்த தலைமுறை அதே குழியில் விழாதிருக்கும்.

ஆயினும் இந்நூல் எவ்வாறு உருவாயிற்று, உருவானபின் என்ன நேர்ந்தது என்பவற்றை அறிந்து படிக்கும்பொழுது, நம் உள்ளத்தில் வேறொரு வினா எழுகிறது. துன்பத்திலும் ஆபத்திலும் இருப்பவர்களை அணுகி, "உங்கள் உள்ளத்தில் இருப்பதைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்" என்று கேட்கும் ஆய்வாளர், அப்படிக் கேட்டதனாலேயே எத்தகைய கடனுக்கு உள்ளாகிறார் என்பதே அவ்வினா.

இவ்வினா கத்தோலிக்கராகிய நமக்கு அந்நியமானதன்று. இந்த ஆய்வை ஏற்று நடத்திய நிறுவனம் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் கல்லூரி. 1863இல் இயேசு சபையார் நிறுவிய பல்கலைக்கழகம் அது. திருச்சியிலும் பாளையங்கோட்டையிலும் சென்னையிலும் அதே சபையாரின் கல்வி நிலையங்களால் வளர்ந்தவர்கள் நம்மிடையே பலர். அப்படிப்பட்ட மரபில் வந்த நிறுவனம், நல்ல நோக்கத்தோடு தொடங்கிய பணியில் எங்கே இடறியது என்பதை அறிவது நமக்குப் பயன் தரும்.

நடந்தது இதுதான். 1998 ஏப்ரல் 10ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, வட அயர்லாந்தில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மூன்றாண்டுகளுக்குப்பின், 2001இல், போராளிகளாய் இருந்தோரின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யும் திட்டத்தைப் பாஸ்டன் கல்லூரி தொடங்கியது. மொலோனி அதன் இயக்குநர். குடியரசுப் படையினரை நேர்கண்டவர் ஆண்டனி மெக்கின்டயர். அப்படையிலேயே இருந்து, நீண்ட காலம் சிறையில் கழித்து, பின்னர் முனைவர் பட்டம் பெற்றவர். எதிரணியினரை நேர்கண்டவர் வில்சன் மெக்கார்தர். 2006 வரை நடந்த இப்பணியில் ஏறத்தாழ 46 பேர் பேசினர். ஒலிநாடாக்கள் பாஸ்டன் கல்லூரியின் பர்ன்ஸ் நூலகத்தில் பூட்டி வைக்கப்பட்டன.

பேசியவர்களுக்கு ஓர் உறுதி தரப்பட்டது. அவர்கள் உயிரோடிருக்கும்வரை, அவர்களது எழுத்துமூலமான சம்மதமின்றி ஒரு சொல்லும் வெளிவராது. வெளியிடும் இறுதி அதிகாரம் அவர்களுக்கே உரியது. அவர்கள் கையெழுத்திட்ட படிவம் இவ்வாறுதான் கூறியது. ஆனால் இயக்குநருக்கும் கல்லூரிக்கும் இடையிலான ஒப்பந்தத்திலோ, அமெரிக்கச் சட்டம் இடம்தரும் அளவிற்கே இந்த இரகசியம் காக்கப்படும் என்னும் பொருள்பட ஒரு வரம்பு இருந்தது. அந்த வரம்பு பேசியவர்களின் படிவத்தில் இடம்பெறவில்லை. யாருக்கு அது மிகவும் தேவையோ, அவர்களது கண்ணில் அது படவேயில்லை.

பின் விளைந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். 2010இல் ஹியூஸின் கூற்றுகள் நூலாக வந்தன. அதே ஆண்டில் குடியரசுப் படையைச் சேர்ந்த டோலர்ஸ் பிரைஸ் என்னும் பெண்மணி கூறியவையும் நாளேடுகளில் இடம்பெற்றன. இப்படியொரு நாடாக் களஞ்சியம் உண்டு என்பது ஊரறிந்த செய்தியாயிற்று. 2011 மே மாதத்தில், பிரித்தானியக் காவல்துறைக்காக, இரு நாடுகளும் குற்ற விசாரணையில் ஒன்றுக்கொன்று உதவும் உடன்படிக்கையின்படி, அமெரிக்க அரசு நாடாக்களைக் கேட்டு அழைப்பாணை அனுப்பியது. ஆகஸ்டில் இரண்டாம் ஆணையும் வந்தது. ஹியூஸ் இறந்துவிட்டதால் அவரது நாடாக்களைக் கல்லூரி கொடுத்துவிட்டது, மற்றவற்றுக்காக வழக்காடியது. மொலோனியும் மெக்கின்டயரும் தனியே வழக்காடித் தோற்றனர். 2013 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களது முறையீட்டை ஏற்க மறுத்தது. கல்லூரியின் மேல்முறையீட்டால் 85 பதிவுகள் 11 ஆகக் குறைக்கப்பட்டன. அவை 2013 சூலையில் காவல்துறையின் கைக்குப் போயின.

ஆய்வாளர் தந்த வாக்கு அன்றோடு முறிந்தது. 2014இல் பெல்பாஸ்ட் நகரச் சுவர்களில், பாஸ்டன் கல்லூரிக்குப் பேசியவர்களைக் காட்டிக்கொடுப்போர் எனத் தூற்றும் எழுத்துகள் தோன்றின. அந்நகரில் அந்தச் சொல் வெறும் வசையன்று. கடந்த காலத்தில் அச்சொல் ஒட்டிக்கொண்டவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். அவ்வாண்டு மே மாதத்தில், விரும்புவோருக்கு அவரவர் பதிவுகளைத் திருப்பித் தருவதாகக் கல்லூரி அறிவித்தது. நாளைய தலைமுறைக்காகச் சேர்க்கப்பட்ட களஞ்சியம் இவ்வாறு தானே கலைந்துபோகத் தொடங்கியது.

இனி நூலுக்குத் திரும்புவோம். அதன் தலைப்பு நம்மை உறுத்துகிறது. 'கல்லறையிலிருந்து குரல்கள்' என்கிறார் ஆசிரியர். ஆனால் இந்த வரலாற்றின் நடுவே கல்லறைகூட மறுக்கப்பட்ட ஒரு தாய் இருக்கிறார். அவரது பெயர் ஜீன் மெக்கான்வில். சீர்திருத்த சபையில் பிறந்து, கத்தோலிக்கரை மணந்து, கத்தோலிக்க மறையைத் தழுவியவர். 1972இல் கணவரை இழந்தார். அதே ஆண்டு டிசம்பரில், பத்துப் பிள்ளைகளின் தாயாகிய அவரைக் குடியரசுப் படையினர் அவரது அடுக்குமாடி வீட்டிலிருந்து, பிள்ளைகளின் கண்ணெதிரே இழுத்துச் சென்றனர். சுட்டுக் கொன்று, எவரும் அறியாவண்ணம் ஒரு கடற்கரையில் புதைத்தனர். பிள்ளைகள் சிதறிக் காப்பகங்களுக்குப் போயினர். 1999 வரை கொலையாளிகள் தம் செயலை ஒப்புக்கொள்ளவில்லை. 2003 ஆகஸ்டில் வழிப்போக்கர் கண்ணில் தற்செயலாகப் பட்டதால்தான் அத்தாயின் உடல் கிடைத்தது.

இந்தப் பெண் இராணுவத்திற்கு ஒற்றுச் சொன்னவர் என்றும், ஜெரி ஆடம்ஸ் என்னும் தலைவரின் ஆணைப்படியே கொல்லப்பட்டார் என்றும் ஹியூஸ் நூலில் கூறுகிறார். ஒற்றர் என்பதற்குச் சான்று இல்லை என்று, காவல்துறை மீதான முறையீடுகளை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர் 2006இலேயே அறிவித்திருந்தார். ஆடம்ஸோ தமக்கு இக்கொலையில் பங்கில்லை என்றும், தாம் அப்படையின் உறுப்பினராகவே இருந்ததில்லை என்றும் தொடர்ந்து மறுத்து வருபவர். 2014இல் நான்கு நாள் காவலில் வைத்து விசாரிக்கப்பட்ட அவர்மீது வழக்குத் தொடர்வதில்லை என்று 2015இல் முடிவாயிற்று. யார் சொல்வது உண்மை எனத் தீர்ப்பிடுவது நமது வேலையன்று. நாம் சுட்ட விரும்புவது ஒன்றே. கொன்ற அணியைச் சேர்ந்தவரின் குரல் நூலாயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர் உலக மேடையில் மறுக்க முடிந்தது. கொலையுண்டவரின் குரலுக்கு மட்டும் இடமேயில்லை. அத்திட்டமே ஆயுதம் ஏந்தியோரைத் தேடிச் சென்ற திட்டம். அவர்களால் அனாதைகளான பத்துப் பேருக்கு அதில் நாற்காலி போடப்படவில்லை. இறந்தவரின் பெயரால் பேசும் நூலுக்கு இதைவிடப் பெரிய குறை வேண்டுமோ?

இங்கே அறநெறி இறையியல் நமக்குக் கைகொடுக்கும். நம் குருமடங்களில் இரகசியத்தை மூவகையாகப் பிரித்துக் கற்பிப்பர். வெளிப்பட்டால் பிறருக்குத் தீங்கு விளையும் என்பதனாலேயே காக்க வேண்டியது இயல்பான இரகசியம். ஒன்றை அறிந்தபின் சொல்லமாட்டேன் என உறுதி தந்து காப்பது வாக்களித்த இரகசியம். காப்பேன் என்னும் உறுதி முன்னதாகவே அமைந்து, அதை நம்பி ஒருவர் சொல்வது ஒப்படைக்கப்பட்ட இரகசியம். மருத்துவரும் வழக்கறிஞரும் கேட்பது இம்மூன்றாம் வகை. மூன்றிலும் உறுதியாகக் கட்டுவது அதுவே. ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. வெளிப்படுத்தினாலன்றித் தடுக்கவியலாத கடுந்தீங்கு நேரும் என்றால் அக்கட்டு தளரும் என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் கற்பிக்கிறது.

ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரை இம்மூன்றிலும் அடங்காதது. அதற்கு விலக்கே இல்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 983ஆம் விதி அதை எவ்வகையிலும் மீறலாகாது என்கிறது. 1393இல் பிராகு நகரில் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்ட புனித நெப்போமுக் அருளப்பர் அந்த முத்திரையைக் காத்ததற்காகவே உயிர் துறந்தார் என்பது நெடுங்கால மரபு. ஆனால் அதன் அமைப்பை நோக்குங்கள். பாவசங்கீர்த்தனம் செய்பவர் தம் பாவத்தையே சொல்கிறார். உடன் குற்றம் புரிந்தவரின் பெயரைக் கேட்கலாகாது என்று 979ஆம் விதி குருவுக்குக் கட்டளையிடுகிறது. கேட்டதை வைத்து அவர் நூல் எழுதுவதில்லை. கேட்ட அறிவைப் பாவசங்கீர்த்தனம் செய்தவருக்குத் தீங்காகப் பயன்படுத்தவும் கூடாது என்கிறது 984ஆம் விதி. முழுமையான மறைவும் முழுமையான கட்டுப்பாடும் அங்கே சேர்ந்தே நிற்கின்றன.

பெல்பாஸ்ட் திட்டத்தின் அடிப்படைப் பிழை நமக்கு இங்கேதான் தெரிகிறது. கேட்டவர்கள் பெற்றது ஒப்படைக்கப்பட்ட இரகசியம். அளித்த வாக்கோ அருட்சாதன முத்திரையின் சாயலில் இருந்தது. முத்திரையின் காவல் அவர்களிடம் இல்லை. அதன் கட்டுப்பாடும் இல்லை. பிறர் பெயர்கள் கேட்கப்பட்டன, பதியப்பட்டன, சொன்னவர் இறந்ததும் அச்சேறின. தம் அதிகாரத்தில் இல்லாத ஒன்றை ஆய்வாளர் வாக்களித்தார். கோபுரம் கட்டுமுன் அமர்ந்து செலவைக் கணக்கிடாதவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நாம் அறிந்ததே. இங்கோ கட்டத் தொடங்கியவர் ஒருவர். கட்டடம் சரிந்தபோது அதன் அடியில் நின்றவர் இன்னொருவர்.

குற்றம் ஆய்வாளருடையதன்று, நாடாக்களைப் பறித்த அரசுகளுடையதே எனச் சிலர் வாதிடுவர். அதில் ஓரளவு நியாயம் உண்டு. எல்லாக் கொலைகளையும் ஒரே ஆர்வத்தோடு விசாரிக்காத அரசு, இந்த நாடாக்களுக்காக மட்டும் கடல் கடந்து சென்றது ஏன் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தப் பத்துப் பிள்ளைகளின் முன் நின்று நாம் என்ன சொல்வோம்? "உங்கள் தாயைக் கொன்றது யார் என்பது ஒரு நூலகப் பெட்டியில் இருக்கிறது, ஆராய்ச்சியின் நலனுக்காக நீங்கள் காத்திருங்கள்" என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? அவர்கள் உண்மையைக் கேட்டது பிழையன்று. தன் உயிருக்கு அஞ்சிப் பேசியவர் பாதுகாப்பைக் கேட்டதும் பிழையன்று. இரண்டு நியாயங்களும் ஒருநாள் மோதும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியவர், இருவரையும்விடக் கல்வியும் காலமும் சட்ட ஆலோசனையும் வாய்த்திருந்த ஆய்வாளரே. அதனால்தான் கடன் கேட்டவருடையது என்கிறோம்.

அவ்வாறு முன்னறிந்து செயல்பட வழியே இல்லையோ எனில், அதே மண்ணில் வழி இருந்தது. கொன்று மறைக்கப்பட்டோரின் உடல்களைத் தேடுவதற்கென 1999இல் பிரித்தானிய அரசும் அயர்லாந்து அரசும் சேர்ந்து ஓர் ஆணையத்தை அமைத்தன. அதனிடம் தரப்படும் தகவல் குற்றவியல் நீதிமன்றத்தில் சான்றாகப் பயன்படாது என்று சட்டமே இயற்றப்பட்டது. அதன் பயனாகப் பல குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவ அடக்கம் செய்ய முடிந்தது. அங்கே வாக்கு எளிமையானது. அதன் எல்லை தெளிவானது. அதைத் தாங்கச் சட்டம் இருந்தது. பேசியவருக்கும் காவல், காத்திருந்தவருக்கும் ஆறுதல்.

சட்டத்தின் துணை இல்லாதபோது வாக்கைக் காக்க வேறொரு வழியும் உண்டு, அது கடினமானது. ரிக் ஸ்கார்ஸ் என்னும் அமெரிக்கச் சமூகவியல் மாணவர், தாம் ஆய்வுக்காகச் சந்தித்தவர்களைப் பற்றிச் சாட்சி சொல்ல மறுத்து, 1993இல் 159 நாள் சிறையிலிருந்தார். அவர் செய்தது சரியா தவறா என்பதில் கருத்து வேறுபடலாம். ஆனால் தாம் தந்த வாக்கின் விலையைத் தாமே செலுத்தினார். தம்மை நம்பிப் பேசியவர்மீது அதைச் சுமத்தவில்லை.

பெல்பாஸ்டில் விலையைச் செலுத்தியவர்கள் யார்? ஐவர் பெல் என்னும் முதியவர்மீது, நாடாவில் ஒலித்த குரல் அவருடையதே எனக் கூறி 2014இல் குற்றம் சாட்டினர். அவர் அதை மறுத்தார். 2019இல் நீதிமன்றம் அந்த நாடாக்களை நம்பத்தக்க சான்றாக ஏற்க மறுத்து, அவரைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நீதிபதி கூறிய காரணம் ஆய்வாளர்களை நோக்கிய கடும் விமர்சனமாகும். சாகும்வரை வெளிவராது என்னும் உறுதி, ஒருவரைத் தயக்கமின்றி உண்மை பேசவும் தூண்டலாம். அதே தயக்கமின்மையோடு மிகைப்படுத்தவும், பழிபோடவும், பொய் சொல்லவும் இடம் தரலாம் என்றார் அவர். கேட்டவரே ஆடம்ஸின்பால் பகைமை கொண்டிருந்ததையும் சுட்டினார். ஆக, பேசியவர் பாதுகாப்பை இழந்தனர். பிள்ளைகளுக்கு நீதி கிட்டவில்லை. அக்கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. வரலாற்றுக்குக் கிடைத்த சான்றும் ஐயத்துக்குரியதாயிற்று.

ஆய்வுலகில் இதற்கு விதிகள் இல்லாமலில்லை. நாசி மருத்துவர்களின் கொடுமைகளுக்குப்பின் 1947இல் பிறந்த நியூரம்பெர்க் நெறிகளும், 1979இல் அமெரிக்காவில் வெளிவந்த பெல்மான்ட் அறிக்கையும் மனிதரை மதித்தல், நன்மை நாடுதல், நீதி காத்தல் ஆகியவற்றை வலியுறுத்துகின்றன. ஆயினும் சம்மதப் படிவத்தில் கையொப்பம் வாங்கியதோடு அறம் முடிந்துவிட்டதாக எண்ணுவது பரிசேயரின் வழி. வள்ளுவர், பிறருக்குத் தீமை விளைக்காத சொல்லையே வாய்மை என வகுத்தார். ஆய்வாளரின் வாய்மை கண்டறிந்த செய்தியில் மட்டும் இல்லை; கேட்ட முறையிலும், தந்த உறுதியிலும், பின்விளைவை எண்ணிய பொறுப்பிலும் இருக்கிறது.

ஒலிப்பதிவுக் கருவியை இயக்குமுன் ஆய்வாளர் தம்மைத் தாமே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ளட்டும். நான் தரும் உறுதியைக் காக்கும் ஆற்றல் என்னிடம் உண்டா, இல்லையெனில் அதன் எல்லையை அவருக்குப் புரியும் மொழியில் சொன்னேனா? இப்பேச்சில் பெயர் சொல்லப்படும், ஆனால் இங்கே இல்லாத மூன்றாம் மனிதருக்கு என்ன நேரும்? நான் ஊர் திரும்பியபின் இவர் எந்தத் தெருவில், யார் நடுவே வாழ்வார்?

இவ்வினாக்கள் பெல்பாஸ்டுக்கு மட்டும் உரியனவல்ல. நமது கல்லூரிகளில் சமூகப்பணியும் சமூகவியலும் பயிலும் பிள்ளைகள், வினாப் படிவங்களோடு அகதி முகாம்களுக்கும் கலவரம் கண்ட ஊர்களுக்கும் செல்கிறார்கள். அங்கே ஒரு தாய் தன் இழப்பைச் சொல்லும்போது, அது அவர்களுக்கு ஓர் ஆய்வேட்டின் ஒரு பக்கமாகலாம். அவருக்கோ அதுவே வாழ்வு. பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் பேராசிரியர்களும் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தாமல் திரும்பி வருவதும் கல்வியே. பாதிப் படிவம் வெறுமையாய் இருந்தாலும் அதற்காக மதிப்பெண் குறையலாகாது.

மொலோனியின் நூலைப் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. படிக்கலாம், படிக்கவும் வேண்டும். ஆனால் ஹியூஸின் குரலும் எர்வினின் குரலும் ஓய்ந்தபின், நூலை மூடுமுன் சற்றுப் பொறுத்து, அந்த நூலில் பேசாத ஒருவருக்காகவும், தாயின் உடலுக்காக முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த பத்துப் பேருக்காகவும் செபிப்போம். கேட்பதைப் பணியாகக் கொண்ட அனைவருக்காகவும், குருக்களாகிய எமக்காகவும் சேர்த்தே செபியுங்கள்.